ஆமணக்கும் சுரையும்

இயந்திரம் ஏழரைக்கு நின்றது.
மண்ணெண்ணெயில் தண்ணீர்.
கோணேசர் மலை விளக்கு
பீடி நெருப்பளவுக்குச் சிறுத்திருந்தது.

பகலில் இது திமிங்கிலம் காட்டும் படகு.
இன்று காலை ஒரு வெள்ளைக்கார வாத்தியார் சொன்னார்:
நீலத் திமிங்கிலத்தின் தொண்டையில்
தோடம்பழத்துக்கு மேல் எதுவும் இறங்காதாம்,
ஆகவே அந்தக் கதை வெறும் கதையாம்.
நானும் ஜெஸூலியும் ஒருமிக்க முறைத்தோம்.
எங்களுக்குள் வேத ஒற்றுமை
அந்த ஒரு கணம்தான்.

இரவில் இது வலைக்குப் போகும் படகு.
அலை இல்லை. செய்ய வேலையும் இல்லை.
"உங்கட யோனா கடைசியில என்ன செய்தார்?" என்றான்.

சொன்னேன்.
ஊர் அழியும் என்று கூவிவிட்டுக்
கிழக்கே போய்ப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்,
எப்போது அழியும் என்று பார்க்க.
அழியவில்லை. கடவுள் மனமிரங்கிவிட்டார்.
யோனாவுக்கு அதுதான் தாங்கவில்லை.
இதைவிடச் சாவு நல்லது என்றார்.

ஜெஸூலி துடுப்பைக் கீழே வைத்தான்.
"நபிமார் அப்படி இருக்கமாட்டாங்க மச்சான்.
யூனுஸ் நபி கோவத்தில போனது உண்மை.
உத்தரவுக்கு முந்திப் போனதும் உண்மை.
அதை மீன் வயித்துக்குள்ள ஒத்துக்கிட்டார்.
ஊர் ஈமான் கொண்டது, தப்பிச்சது.
அதில அவருக்கென்ன வருத்தம்?"

பிறகு செடியில் சிக்கினோம்.
எங்களுக்கு ஆமணக்கு.
ஓரிரவில் தழைத்து
மறு விடியலில் புழு அரித்துப் பட்டுப்போகும்.
அவனுக்குச் சுரைக்கொடி.
கரையில் நோயோடு கிடந்தவர்மேல்
இறைவன் விரித்த நிழல். புழு கிடையாது.
"புழு எதுக்கு?"
"பாடம் படிப்பிக்க."
"நோயாளிக்கா?"
எனக்குப் பதில் வரவில்லை.

அவனிடம் சொல்லாதது ஒன்று:
கடை எரிந்த கிழமை
உவர்மலையில் மூன்று நாள் ஏறி இருந்தேன்.
கீழே சந்தை, மணிக்கூண்டு, எங்கள் தெரு.
எல்லாம் கடலுக்குள் போகட்டும் என்று
ஆள் ஆளாய்ப் பெயர் சொல்லிக் கேட்டேன்.
பஸ்கள் வழமைபோல் ஓடின.

அந்த நாள்களில் என் பக்கத்தில் இருந்த தீர்க்கதரிசி
மாசற்றவர் அல்ல.
மாசற்றவர் என்றால் நான் கிட்டப் போயிருக்கமாட்டேன்.
மீனுக்குள் அவர் பாடிய நீண்ட பாட்டில்
ஆழம் உண்டு, தலையைச் சுற்றிய பாசி உண்டு, நன்றியும் உண்டு.
என் பிழை என்ற சொல் மட்டும் இல்லை.
எத்தனை தரம் தேடியிருப்பேன்.

ஜெஸூலியின் நபியிடம் இருப்பதோ அந்தச் சொல்தான்.
அரபியில் மெல்ல ஓதினான்.
இறைவன் தூயவன், பிழை என்னுடையது,
இவ்வளவுதான் கருத்து என்றான்.
கிண்ணியாவில் கடல் ஏறிய காலை
ஒரு கையால் தென்னையைப் பிடித்தபடி
இதையே ஓதிக்கொண்டிருந்தானாம்.
மற்றக் கையில் யார் இருந்தது என்று
அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

திமிங்கிலம் எதுவும் வரவில்லை.
இரண்டு மணிக்குச் சூசைநாயகத்தின் றோலர் வந்து
ஏசி ஏசிக் கட்டி இழுத்தது.
கயிறு முறுகும்போது ஜெஸூலி கேட்டான்:
"அந்த ஊரில எத்தனை சனம்?"
"ஒரு லட்சத்து இருபதாயிரம்."
"எங்கட கணக்கு லட்சம், இல்லாட்டி அதுக்கு மேல."
மேல என்பதற்குள்
இருபதாயிரம் பேர் நெருக்கிப் படுக்கலாம்.

எங்கள் கதை கேள்வியில் நின்றுபோகிறது.
இவ்வளவு சனத்துக்கும்
இவ்வளவு மிருகங்களுக்கும்
நான் இரங்கக் கூடாதா என்கிறார் கடவுள்.
யோனா என்ன சொன்னாரென்று யாரும் எழுதவில்லை.

பஸ் நிலையத்தில் மான்கள்
சோற்றுத் தாளை நக்கிக்கொண்டு நின்றன.
ஜெஸூலி தன் ரொட்டியைப் பிய்த்துப் போட்டான்.
கொம்பு முறிந்த ஒன்று
என்னிடமும் வந்து நின்று பார்த்தது.
என் பையிலும்
பாதி ரொட்டி இருந்தது.